கொல்லைப்புறப் பெரிய டிஷ்ஷுக்கு மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

8 முதல் 12 அடி வரையுள்ள சி பேண்ட் (4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை) டிஷ்களை, ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புவதற்காக மோட்டாரில் சுழற்றுவது பற்றிய கேள்விகளை இந்த இதழுக்காகச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 90 செ.மீ. டிஷ்ஷைத் திருப்பும் சிறிய டைசெக் (ரிசீவரின் கட்டளை கேபிள் வழியே வரும் முறை) மோட்டார் கையில் இருக்கிறது. அதையே 8 அடி மெஷ் (வலை) டிஷ்ஷுக்கு மாட்டலாமா? முடியாது என்றால் என்னென்ன வாங்க வேண்டும்?

மாட்டக் கூடாது. அந்த வகை மோட்டார்கள் ஏறத்தாழ 1.2 மீட்டர் டிஷ் வரைக்கும்தான். ரிசீவரிலிருந்து கோஆக்சியல் கேபிள் வழியே வரும் 13 அல்லது 18 வோல்ட்டில், அரை ஆம்பியருக்குள் ஓடுபவை. கிடைப்பது பத்து வாட்டுக்குள். பெரிய டிஷ்ஷைத் தள்ளும் 36 வோல்ட் ஆக்சுவேட்டர் (நீண்டு சுருங்கித் தள்ளும் மோட்டார் தண்டு) சுமையில் 2, 3 ஆம்பியர் இழுக்கும், அதாவது நூறு வாட் அளவு. வித்தியாசம் மின்சாரத்தில் மட்டும் இல்லை. சிறிய மோட்டாரின் தண்டும் பேரிங்கும் 8 அடி டிஷ்ஷின் எடையையும் காற்றின் உதைப்பையும் தாங்காது.

உங்களுக்கு வேண்டியவை நான்கு: போலார் மவுண்ட் (சாய்ந்த ஒரே அச்சில் டிஷ் சுழலும் தாங்கி), லீனியர் ஆக்சுவேட்டர், 36 வோல்ட் கொடுத்து அதை நகர்த்தும் பொசிஷனர், இவற்றுக்கு இடையே சரியான கேபிள். வி-பாக்ஸ் என்று விற்கும் பெட்டி பொசிஷனர்தான். ரிசீவர் அனுப்பும் டைசெக் 1.2 கட்டளையை வாங்கி, ஆக்சுவேட்டருக்கு 36 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும். ரிசீவரில் யூசால்ஸ் வசதி (செயற்கைக்கோளின் கோணத்தைத் தானே கணக்கிட்டுத் திருப்புவது) இருந்தாலும் இங்கே அதை நம்பாதீர்கள். டிகிரி கணக்கில் திரும்பும் மோட்டாருக்கு அது பொருந்தும். ஆக்சுவேட்டர் நீளத்தில் நகர்கிறது. ஒரே நீள மாற்றம் வில்லின் (வானில் செயற்கைக்கோள்கள் வரிசையாக நிற்கும் வளைவின்) நடுவில் ஒரு கோணமும் ஓரத்தில் வேறு கோணமும் தரும். ஒவ்வொரு செயற்கைக்கோளையும் தேடிப் பிடித்து, எண் கொடுத்துச் சேமிப்பதே வழி.

ஆக்சுவேட்டரின் ஸ்ட்ரோக்கை, அதாவது அது நீளும் அளவை, கடைக்காரர் சொல்வதை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் அளந்து பாருங்கள். மவுண்டின் சுழல் அச்சிலிருந்து ஆக்சுவேட்டர் முனை மாட்டும் இடம் வரை உள்ள தூரத்தை அளவெடுங்கள். டிஷ் மொத்தம் 80 டிகிரி திரும்ப வேண்டுமென்றால் அந்தத் தூரத்தை 1.3 ஆல் பெருக்கினால் வேண்டிய ஸ்ட்ரோக் ஏறத்தாழக் கிடைக்கும். தூரம் 18 அங்குலம் என்றால் 23 அங்குலத்துக்கு மேல், ஆக 24 அங்குல ஆக்சுவேட்டர். அடிவானம் முதல் அடிவானம் வரை வேண்டும் என்பவர்களுக்கு லீனியர் ஆக்சுவேட்டர் போதாது. வார்ம் கியர் (திருகுப் பல்சக்கரம்) வைத்த ஹொரைசன் மவுண்ட் தேவை.

கேள்வி: 10 அடி டிஷ், 24 அங்குல ஆக்சுவேட்டர், பொசிஷனரிலிருந்து 40 மீட்டர் கேபிள். மேற்குப் பக்கம் போகும்போது பாதியில் உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா ஐயா?

மோட்டாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். இப்படி நிற்கும் டிஷ்களில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும். மவுண்ட் இறுகியிருக்கும், அல்லது மோட்டார் முனைக்கு வோல்ட்டேஜ் வந்து சேராது.

முதலில் டிஷ்ஷின் இரு விளிம்புகளையும் கயிற்றால் தரையில் உள்ள உறுதியான முளைகளில் கட்டுங்கள். ஆக்சுவேட்டரைக் கழற்றியதும் டிஷ் தன் எடையில் ஒரு பக்கம் சரிந்து விழும், கீழே நிற்பவரின் தலையை அடிக்கும். கட்டிய பிறகு ஆக்சுவேட்டர் முனையின் போல்ட்டை எடுத்துவிட்டு, கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி டிஷ்ஷைக் கையால் தள்ளிப் பாருங்கள். 10 அடி டிஷ்ஷை ஒரு ஆள் ஒரு கையால் நகர்த்த முடிய வேண்டும். இரு கைகளும் மூச்சும் தேவைப்பட்டால் குற்றவாளி மவுண்ட்தான். சுழல் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, புஷ்ஷில் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். அந்த நட்டை ஸ்பேனரால் முறுக்கி இறுக்கக் கூடாது. ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, மேலே இன்னொரு நட்டைப் பூட்டாக வைக்க வேண்டும்.

அடுத்து, கழற்றிய ஆக்சுவேட்டரைச் சுமையில்லாமல் முழு நீளம் ஓட்டுங்கள். முனைக்குழாய் தானே சுழலாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். தொடரில் ஒரு ஆம்மீட்டர் வையுங்கள். ஏறத்தாழ ஒரு ஆம்பியரில் ஓடினால் ஆக்சுவேட்டர் நலம். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஆம்பியர் ஏறினால் குழாய் வளைந்திருக்கிறது அல்லது உள்ளே தண்ணீர் போய் ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கிறது.

இரண்டும் சரியென்றால் மறுபடி மாட்டி, டிஷ் ஓடும்போது மோட்டாரின் இரு முனைகளில் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். பொசிஷனரின் பின்பக்கத்தில் அளப்பது பயன்படாது. 40 மீட்டர் என்பது மின்சாரத்துக்குப் போக வர 80 மீட்டர். 0.75 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் அது ஏறத்தாழ 2 ஓம். 4 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் 8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 4 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. 2.5 போட்டால் இரண்டரை வோல்ட்டுக்குள். உங்கள் தூரத்துக்கு 2.5 தான் என் சிபாரிசு. மோட்டார் முனையில் சுமையோடு 30 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

ஒரே பக்கம் மட்டும் நிற்கிறது என்கிறீர்களே, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சுவேட்டரின் தண்டுக்கும், சுழல் அச்சிலிருந்து மாட்டும் இடத்துக்குப் போகும் கோட்டுக்கும் உள்ள கோணத்தைப் பாருங்கள். 90 டிகிரியில் தள்ளும் விசை முழுவதும் டிஷ்ஷைத் திருப்பும். 30 டிகிரியில் பாதிதான் திருப்பும், மீதி மவுண்டை நெரிக்கும். மேற்கு ஓரத்தில் இந்தக் கோணம் 30க்குக் கீழே போனால் ஆக்சுவேட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை நகர்த்தி மாட்டுங்கள். அந்த கிளாம்ப் இறுக்கமாக நிற்காமல் திசை மாற்றத்துக்கு ஏற்றபடி திரும்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் வளையும். மோட்டார் பெட்டியின் வடிகால் துளை கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மேல்நோக்கி இருந்தால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் நிற்கும்.

கேள்வி: பொசிஷனரில் பட்டனை அழுத்தினால் டிஷ் இரண்டு மூன்று விநாடி நகர்ந்து நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே கதை.

சென்சார். மோட்டார் சுற்றுவதை எண்ணச் சென்சார் அனுப்பும் பல்ஸ் (மின்துடிப்பு), மோட்டார் ஓடியும் வரவில்லை என்றால், மோட்டார் சிக்கிக்கொண்டதாக எண்ணிப் பொசிஷனர் மின்சாரத்தை நிறுத்திவிடும். மோட்டார் மூடியைத் திறந்தால் சிறிய காந்தச் சக்கரமும் அதன் அருகில் ரீட் சுவிட்ச்சும் (காந்தம் நெருங்கினால் இணையும் கண்ணாடிக் குழல் சுவிட்ச்) தெரியும். சென்சார் கம்பிகளைப் பொசிஷனரிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். விட்டு விட்டுத் தொடர்பு காட்ட வேண்டும். எப்போதும் தொடர்பு காட்டினால் ரீட் ஒட்டிக்கொண்டது. எப்போதும் காட்டவில்லை என்றால் கண்ணாடி உடைந்தது அல்லது கம்பி அறுந்தது. ரீட்டுக்குப் பதிலாக ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் சிப்) இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. அதற்கு 5 வோல்ட், தரை, சிக்னல் என மூன்று கம்பிகள் வேண்டும். இரண்டு முனை மட்டுமே உள்ள பொசிஷனரில் நேராக வேலை செய்யாது.

கேள்வி: சேமித்து வைத்த செயற்கைக்கோள் இடங்கள் சில வாரங்களில் நகர்ந்துபோகின்றன. எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சேமிக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

பொசிஷனருக்கு டிஷ் எங்கே பார்க்கிறது என்று தெரியாது. எத்தனை பல்ஸ் வந்தது என்று மட்டும்தான் தெரியும். அங்குலத்துக்கு 48 பல்ஸ் தரும் 24 அங்குல ஆக்சுவேட்டர் 80 டிகிரி ஓடினால், ஒரு டிகிரிக்குப் பதினான்கு பதினைந்து பல்ஸ். கணக்கில் 10 பல்ஸ் தவறினால் டிஷ் 0.7 டிகிரி தள்ளி நிற்கும். 10 அடி டிஷ்ஷின் கற்றை அகலம் (டிஷ் ஒரே நேரத்தில் பார்க்கும் வானக் கோணம்) 4 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.7 டிகிரி. ஆகவே சி பேண்டில் 2 டெசிபல் குறையும், பலமான சேனல்கள் தப்பிக்கும். அதே டிஷ்ஷில் இன்னும் உயர்ந்த அலைவரிசையான கே.யு. பேண்ட் பார்ப்பவருக்குக் கற்றை 0.6 டிகிரிக்கும் குறைவு என்பதால் எல்லாமே போய்விடும்.

எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. எல்லா இடங்களும் ஒரே அளவு, ஒரே திசையில் நகர்ந்திருந்தால் பல்ஸ் தவறியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இது நடக்கும். பொசிஷனர் இறந்த பிறகும் மோட்டார் சற்று உருண்டு நிற்கும், அந்தப் பல்ஸை எண்ண ஆள் இல்லை. பொசிஷனருக்குச் சிறிய யூபிஎஸ் வைத்தால் தீரும்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு நகர்ந்தால் மின் இரைச்சல். மோட்டாரின் பிரஷ்ஷில் எழும் தீப்பொறி பக்கத்திலேயே ஓடும் சென்சார் கம்பியில் பொய்ப் பல்ஸை உண்டாக்கும். சென்சாருக்குத் தனியாக ஷீல்டு போட்ட கம்பி இழுங்கள். ஷீல்டைப் பொசிஷனர் பக்கத்தில் மட்டும் தரையில் இணையுங்கள். இரு முனையிலும் இணைத்தால் ஷீல்டு வழியாகவே மின்சாரம் ஓடி இரைச்சலைக் கூட்டும். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. பொசிஷனரின் சென்சார் முனைகளுக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று. இதற்கு மேல் பெரிய மதிப்பு போடாதீர்கள், உண்மையான பல்ஸும் மழுங்கிவிடும்.

கிழக்கிலிருந்து வரும்போது ஓர் இடம், மேற்கிலிருந்து வரும்போது வேறு இடம் என்றால் அது மின்சாரப் பிரச்சினையே இல்லை. போல்ட் துளை தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கிறது. 2 மி.மீ. ஆட்டம் கால் டிகிரி. துளைக்குப் புதிய புஷ் போடுங்கள். அது முடியும் வரை, எல்லா இடங்களையும் ஒரே திசையிலிருந்து வந்து சேமித்து, ஒரே திசையிலிருந்து வந்தே பாருங்கள்.

கேள்வி: 36 வோல்ட் சப்ளையை நானே செய்துகொள்ளலாமா? 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் முறை சப்ளை) வாங்கியிருந்தேன், மோட்டார் கிளம்பும்போதெல்லாம் அது அணைந்து அணைந்து எரிகிறது.

செய்யலாம். 26 வோல்ட் செகண்டரி உள்ள 200 விஏ டிரான்ஸ்பார்மர், 25 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிபயர், 10,000 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெப்பாசிட்டர் போதும். 26ஐ 1.41 ஆல் பெருக்கினால் 36.7. ரெக்டிபயரில் ஒன்றரை முதல் 2 வோல்ட் போகும். மீதி 35 வோல்ட் மோட்டாருக்குத் தாராளம். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 4.7 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். அது இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும். டிசி வெளியே போகும் இடத்தில் 5 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ். சாதாரண ஃபியூஸ் மோட்டார் கிளம்பும் வேகத்திலேயே உருகும். டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம். இரும்புப் பெட்டியில் வைத்தால் பெட்டியை எர்த் செய்யுங்கள். மெயின்ஸ் பக்கம் கை பழகாதவர்கள் அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போகவில்லை. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் சப்ளை அதைக் ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டு அணைகிறது. 10 ஆம்பியர் சப்ளைக்கு மாறுங்கள். கூடவே அதன் பிளஸ் முனைக்குப் பின் 15 ஆம்பியர் டயோடு ஒன்றும், டயோடுக்குப் பின் 4,700 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கெப்பாசிட்டரும் சேருங்கள். கிளம்பும் கணத்து இழுப்பில் ஒரு பங்கைக் கெப்பாசிட்டர் கொடுக்கும். மோட்டார் நிற்கும்போது திரும்பி வரும் மின்னழுத்தம் சப்ளைக்குள் நுழையாமல் டயோடு தடுக்கும்.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலரும் பிடிஎஸ்7960 டிரைவர் போர்டும் வைத்து நானே பொசிஷனர் செய்கிறேன். 43 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, ஆனால் 36 வோல்ட்டில் இயங்க மறுக்கிறது.

ஆம்பியரைப் பார்த்தீர்கள், வோல்ட்டைப் பார்க்கவில்லை. அந்த சிப்பின் வேலை எல்லை 27.5 வோல்ட். அதற்கு மேல் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். 24 வோல்ட்டில் ஓட்டலாம். டிஷ் மெதுவாகப் போகும், மவுண்ட் இலகுவாக இருந்தால் அது ஒரு குறையே இல்லை.

36 வோல்ட்தான் வேண்டுமென்றால் இரண்டு ரிலேக்களும் ஒரு மாஸ்ஃபெட்டும் (சுவிட்ச்சாக இயங்கும் டிரான்சிஸ்டர்) போதும். இரு ரிலேக்களின் பொது முனைகளை மோட்டாருக்கும், சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனைகளை மைனஸுக்கும், மற்றவற்றை மாஸ்ஃபெட் வழியாக பிளஸுக்கும் கொடுங்கள். இரண்டும் ஓய்வில் இருக்கும்போது மோட்டாரின் இரு முனையும் ஒன்றோடொன்று இணைந்து பிரேக் பிடித்தது போல் நிற்கும், உருளல் குறையும். வரிசை முக்கியம்: ரிலே மாறிய பிறகே மாஸ்ஃபெட்டை இயக்குங்கள். நிறுத்தும்போது மாஸ்ஃபெட்டை முதலில் அணையுங்கள். 10 ஆம்பியர் ரிலேக்கள் பலவற்றில் டிசி அளவு 30 வோல்ட் என்றே இருக்கும். சுமையோடு திறந்தால் தொடர்புகள் பொசுங்கும்.

கேள்வி: வில்லின் நடுவில் சிக்னல் அருமை. கிழக்கு, மேற்கு ஓரங்களில் ஒன்றும் வரவில்லை. எதைத் திருப்புவது?

தூணிலிருந்து தொடங்குங்கள். தூக்குக்குண்டோ ரசமட்டமோ வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பக்கங்களில் பாருங்கள். தூண் சாய்ந்திருந்தால் மேலே என்ன செய்தாலும் ஒரு பக்கம் சேரும், இன்னொரு பக்கம் விலகும்.

போலார் மவுண்டில் இரண்டு கோணங்கள் உண்டு. ஒன்று சுழல் அச்சின் சாய்வு, அது உங்கள் அட்சரேகையை ஒட்டியது. மற்றது டிக்ளினேஷன், அச்சுக்கு மேல் டிஷ் கூடுதலாகக் குனியும் அளவு. அட்சரேகை 10 டிகிரியில் அச்சு 10.25, டிக்ளினேஷன் 1.5. 20 டிகிரியில் 20.45ம் 3.0ம். 30 டிகிரியில் 30.6ம் 4.4ம். 40 டிகிரியில் 40.6ம் 5.65ம். அச்சில் அந்தச் சிறு கூடுதல் இல்லாமல் அட்சரேகையை அப்படியே வைத்தவர்களுக்கு நடுவும் ஓரமும் ஒரே நேரத்தில் முழுமையாகச் சேராது. இரண்டு கோணங்களையும் டிஜிட்டல் கோணமானியால் வையுங்கள். அச்சை அச்சுக்குழாயின் மீதும், கூட்டுத்தொகையை டிஷ்ஷின் பின்தட்டின் மீதும், டிஷ் வில்லின் உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். திசைக்குக் காந்த ஊசி தோராயம்தான். பக்கத்தில் இரும்பு இருக்கிறது, காந்த வடக்கும் உண்மை வடக்கும் வேறு. சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் நடுநேரத்தில் தூக்குக்குண்டின் நூல் விழும் நிழலே உண்மையான வடக்கு தெற்கு.

பிறகு ஓரச் செயற்கைக்கோளுக்குப் போய், டிஷ்ஷின் கீழ் விளிம்பை மெதுவாகத் தூக்குங்கள் (டிஷ் மேலே பார்க்கும்), அடுத்து அதே விளிம்பைக் கீழே இழுங்கள் (டிஷ் கீழே பார்க்கும்). எதில் சிக்னல் கூடுகிறது என்று இரு ஓரத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மேலே பார்க்க வேண்டும், மறுபக்கம் கீழே பார்க்க வேண்டும் என்று வந்தால் மவுண்ட் தூணின் மீது தவறாகத் திரும்பியிருக்கிறது. டிஷ் மேலே பார்த்தால் சிக்னல் கூடும் பக்கத்தை நோக்கி முழு மவுண்டையும் நூலளவு திருப்புங்கள். தூணில் பென்சில் கோடு போட்டுக்கொண்டு 2, 3 மி.மீ. வீதம் நகர்த்தினால் கை தவறாது. இரு ஓரத்திலும் மேலே பார்க்க வேண்டும் என்றால் டிக்ளினேஷனைக் குறைத்து, அதே அளவு அச்சுச் சாய்வைக் கூட்டுங்கள். இரு ஓரத்திலும் கீழே என்றால் இதற்கு நேர்மாறு. ஒன்றை மட்டும் மாற்றினால் கையில் இருக்கும் நடுச்சிக்னலும் போகும்.

எல்என்பியின் (டிஷ்ஷின் குவியத்தில் சிக்னலை வாங்கும் பெட்டியின்) சுழற்சியை உச்சியில் ஒரு முறை சரிசெய்தால் போதும். போலார் மவுண்டில் டிஷ் திரும்பும்போது எல்என்பியும் உடன் சாய்வதால் மற்ற இடங்கள் ஏறத்தாழத் தாமே பொருந்தும்.

கேள்வி: டிஷ் இருக்கும் மூலைக்கு மெயின்ஸ் இழுக்க முடியாது. பேட்டரியில் ஓட்டலாமா?

தாராளமாக. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். முழு வில்லையும் கடக்க இரண்டரை நிமிடம், இரண்டரை ஆம்பியர் என்று வைத்தாலும் செலவு 0.1 ஆம்பியர்-மணிதான். பேட்டரியைக் காலி செய்வது மோட்டார் இல்லை, நாள் முழுவதும் விழித்திருக்கும் பொசிஷனர். அதை அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் போடுங்கள். சோலார் என்றால் 12 வோல்ட் வகைப் பேனல் மூன்றும், 36 வோல்ட்டுக்கான சார்ஜ் கன்ட்ரோலரும் வேண்டும். இரண்டு பேனல் தொடரில் வேலை நிலையில் 36 வோல்ட்தான் தரும், பேட்டரிக்கோ 41க்கு மேல் தேவை. எல்என்பிக்காகவோ விளக்குக்காகவோ ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்த ஒன்று மட்டும் இறங்கி, மற்ற இரண்டும் அதிகமாகச் சார்ஜ் ஆகி மூன்றும் கெடும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்.

கேள்வி: புயல் வரும் நேரத்தில் டிஷ்ஷை எந்தப் பக்கம் நிறுத்துவது?

வில்லின் உச்சியில். அங்கே எடை இரு பக்கமும் சமம், ஆக்சுவேட்டரும் பாதி நீளத்தில் பலமான கோணத்தில் நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளவர்களுக்கு அந்த நிலையில் டிஷ் வானைப் பார்த்துப் படுத்திருக்கும், காற்று விளிம்பைத்தான் தொடும். அப்படிப் படுக்கும் டிஷ் தகட்டால் ஆனதென்றால் நடுவில் வடிகால் துளை இருக்க வேண்டும், தேங்கும் மழைநீரின் எடை சாதாரணமில்லை.

10 அடித் தகட்டு டிஷ்ஷை மணிக்கு 100 கி.மீ. காற்று நேராக அடித்தால் 400 கிலோவுக்கு மேற்பட்ட எடை தள்ளுவதற்குச் சமம். மெஷ் டிஷ்ஷில் குறையும், ஆனால் மெஷ் என்பதால் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆக்சுவேட்டர் டிஷ்ஷை நகர்த்துவதற்கான கருவி, கட்டி வைப்பதற்கான கருவி இல்லை. அந்த விசை முழுவதும் ஒரே போல்ட்டிலும் ஒரே ஸ்க்ரூவிலும் இறங்கும். எதிரெதிர் விளிம்புகளின் சட்டத்திலிருந்து, மெஷ்ஷிலிருந்து இல்லை, இரண்டு கயிறுகளைத் தரை முளைகளுக்குக் கட்டுங்கள். கட்டியதும் பொசிஷனரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கட்டிய டிஷ்ஷை யாராவது ரிமோட்டில் திருப்பினால் வளைவது ஆக்சுவேட்டர் குழாய். இடியும் சேர்ந்து வரும் என்றால் மோட்டார், சென்சார், கோஆக்சியல் மூன்றையும் பொசிஷனரிலிருந்து கழற்றுங்கள். தூணுக்குத் தனி எர்த் கம்பி அடித்து, அதை வீட்டு எர்த்தோடு தடித்த செப்புக் கம்பியால் இணைத்திருக்க வேண்டும். இணைக்காமல் விட்டால் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் உங்கள் ரிசீவர் வழியாகத்தான் ஓடும்.